முதலில் பழுது, கடைசியில் உயரம்

பழைய வண்டி, புதுப் பாதை – 9

சென்ற வாரம், பழைய ஃபோர் பை ஃபோர் டாடா சஃபாரி ஒன்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்று பேசினோம். சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டாயிற்று. தரைவிரிப்பைத் தூக்கி, சீட் தண்டவாளங்களில் துரு ஏறியிருக்கிறதா, வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியா என்றும் பார்த்தாயிற்று. பெயர் மாற்றமும் முடிந்து வண்டி வாசலில் நிற்கிறது. இனி அதைக் கரடுமுரடான பாதைக்குத் தயார்செய்யும் வேலை.

பலர் தடுமாறுவது இங்கேதான். வண்டி வந்த வாரமே ஆக்சஸரீஸ் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். "ரெண்டு இன்ச் ஏத்திரலாம் சார். டயரைப் பெருசாக்கி, முன்னாடி இரும்பு பம்பர், மேல லைட் பார் போட்டா வண்டி மிரட்டும்" என்று கடையில் சொல்வார்கள். பில் லட்சத்தைத் தாண்டிவிடும். ஆனால் அந்த வண்டியின் பிரேக் ஹோஸ் தொழிற்சாலையில் மாட்டியதாகவே இருக்கும். வெடிப்பு விட்ட பழைய ரப்பர் புஷ்களை வைத்துக்கொண்டே புதிய ஸ்பிரிங் ஏறியிருக்கும். பார்வைக்கு வண்டி மாறியிருக்கும். மலைப்பாதையில் முதல் செங்குத்து இறக்கம் வரும்போது உங்களையும் பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளையும் காப்பாற்ற வேண்டிய பாகங்களில் ஒன்றுகூட மாறியிருக்காது.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல விரும்புவது செலவின் வரிசையைப் பற்றித்தான். லோ கியர் உள்ள சேஸிஸ் வண்டி ஒன்றில், காட்டுப் பாதைக்கு வேண்டிய திறனில் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டுவிட்டது. வயதாலும், பயன்படுத்தாமல் விட்டதாலும் அது மங்கிக் கிடக்கிறது. அதை மீட்பது முதல் வேலை. மீட்டதைப் பாதுகாப்பது இரண்டாவது. கூட்டுவதும் உயர்த்துவதும் கடைசி. இந்த வரிசை மாறினால் பணமும் போகும், வண்டியின் சமநிலையும் போகும்.

எந்த சஃபாரி?

உதாரணத்துக்கு நாம் எடுத்துக்கொண்ட வண்டியைப் பற்றிச் சில வரிகள். டாடா சஃபாரி 1998இல் வந்தது. 2005இல் 3 லிட்டர் டைகோர் எஞ்சின் வந்தது. 2012இல் ஸ்டோர்ம் என்ற பெயரில் புதிய சேஸிஸோடு வந்து, 2019இல் நின்றுபோனது. இந்தக் காலம் முழுவதும் அதன் அடிப்படை மாறவில்லை. ஏணி போன்ற இரும்புச் சேஸிஸ், அதன் மேல் தனியாக உட்காரும் பாடி, பின்சக்கரங்களுக்குப் போகும் எஞ்சின் விசை, சில ரகங்களில் மட்டும் ஃபோர் வீல் டிரைவும் லோ கியரும். 2017இல் இந்திய ராணுவம் 3,192 ஸ்டோர்ம் வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 2021இல் அதே பெயரில் வந்த புதிய சஃபாரி வேறு பிறவி. அதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. எஞ்சின் விசை முன்சக்கரங்களுக்கு மட்டுமே போகும். நல்ல குடும்ப வண்டி. ஆனால் இந்தத் தொடர் பேசும் வேலைக்கு அது வராது.

ஸ்கார்பியோ, ஃபார்ச்சூனர், பஜேரோ ஸ்போர்ட், பழைய எண்டெவர் ஆகியவற்றின் ஃபோர் பை ஃபோர் ரகங்களை வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வது பெரும்பாலும் பொருந்தும். அளவுகள் மாறும். வரிசை மாறாது.

மீட்பு: கண்ணுக்குத் தெரியாத செலவு

வண்டியை லிஃப்டில் ஏற்றுங்கள். லிஃப்ட் இல்லாத பட்டறையாக இருந்தால் குழிமேல் நிறுத்துங்கள். நல்ல டார்ச் லைட்டோடு கீழே நின்று பார்க்க அரைநாள் ஒதுக்குங்கள். இந்த அரைநாள்தான் உங்கள் செலவுப் பட்டியலை எழுதப்போகிறது.

முதலில் சேஸிஸ். கடலோர ஊர்களில் ஓடிய வண்டி என்றால் குறுக்குச் சட்டங்கள் சேரும் இடங்களிலும், ஸ்பிரிங் உட்காரும் கிண்ணங்களிலும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமான சத்தம் வந்து, துரு செதில் செதிலாக உதிர்ந்தால் அங்கே வேலை இருக்கிறது. மேல்வேலை எதுவானாலும் இதைச் சரிசெய்த பிறகே.

அடுத்தது பிரேக். பழைய வண்டியில் பேட், டிஸ்க் இரண்டையும் எல்லோரும் பார்ப்பார்கள். ரப்பர் ஹோஸையும் பிரேக் ஆயிலையும் பார்ப்பவர்கள் குறைவு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி லைனுக்குள் குமிழிகள் உண்டாகும். அப்போது பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுவது சில நூறு ரூபாய் வேலைதான்.

மூன்றாவது குளிர்விப்பு. ஹைவேயில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியின் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். காட்டுப் பாதையில் எஞ்சின் கடுமையாக உழைக்கும், வண்டியோ நடக்கும் வேகத்தில் போகும். எதிர்க்காற்று கிடைக்காது. ஃபேன் முழுச்சுமையையும் தாங்க வேண்டும். ஆகவே ஃபேன் கிளட்ச், தெர்மோஸ்டாட், கூலன்ட் ஹோஸ்கள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, ரேடியேட்டர் இடுக்குகளில் படிந்த மண்ணை, தகடு மடங்காதபடி மெல்லிய தண்ணீர்ப் பாய்ச்சலில் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளிக் கழுவ வேண்டும்.

பிறகு அசையும் மூட்டுகள்: பால் ஜாயின்ட், டை ராட் முனைகள், கண்ட்ரோல் ஆர்ம் புஷ்கள், ஷாக் அப்சார்பர்கள், ஆக்சில் பூட்கள், புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ்கள். ஆக்சில் பூட்டில் ஒரு சிறு கிழிசல் போதும். கிரீஸ் வெளியேறும், மணல் உள்ளே போகும், ஜாயின்ட் அரைபட்டுப்போகும். ஊருக்குள் ஓட்டும்போது இந்தத் தேய்மானம் சின்னச் சின்னச் சத்தமாகத்தான் தெரியும். பாறை மேல் ஏறும்போது அதே இடம்தான் உடையும்.

கடைசியாக, இந்த வண்டியை நீங்கள் வாங்கியதற்கே காரணமான பாகம்: ஃபோர் வீல் டிரைவ். பழைய உரிமையாளர்கள் பலர் அந்தத் திருகைத் தொட்டதே இல்லை. வருடக்கணக்காக அசையாமல் கிடந்த மோட்டாரும் வயர் இணைப்புகளும் இறுகிப்போயிருக்கலாம். மண் தரையில் நிறுத்தி ஃபோர் ஹைக்கு மாற்றிப் பாருங்கள். பிறகு வண்டியை முழுக்க நிறுத்தி, கிளட்சை மிதித்துக்கொண்டு ஃபோர் லோவுக்கு மாற்றிப் பாருங்கள். டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். முன்சக்கரங்களுக்கு விசை போகிறதா என்று மெக்கானிக்கோடு சேர்ந்து உறுதிசெய்யுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஹவுசிங், பின் ஹவுசிங் மூன்றிலும் ஆயிலை மாற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறையாவது மண் தரையில் சிறிது தூரம் ஃபோர் வீலில் ஓட்டினால் இந்த அமைப்பு உயிரோடிருக்கும்.

தார்ச்சாலையில் மட்டும் வேண்டாம். இந்த வகை வண்டிகளில் ஃபோர் வீலுக்கு மாற்றியதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படுகின்றன. ஆனால் வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட தூரம் கடக்க வேண்டும். மண்ணில் டயர் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்க முடியாததால் முறுக்கம் கியர்களிலும் ஷாஃப்டுகளிலும் ஏறி அவற்றைச் சிதைக்கும்.

லோ கியரைப் பற்றி ஒரு வார்த்தை. அது சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசையை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்குகிறது, வேகத்தை அதே அளவுக்குக் குறைக்கிறது. ஏற்றத்துக்கு உதவுவதைவிட இறக்கத்தில் அது அதிகம் உதவும். முதல் கியரில், ஃபோர் லோவில், காலைக் கிளட்சிலிருந்து முழுவதும் எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக் சூடாகாமல் மலை இறங்கலாம். கடையில் வாங்கும் எந்தப் பாகமும் இந்தப் பழக்கத்துக்கு ஈடாகாது.

டயரும் காற்றும்

மீட்பு முடிந்த பிறகு புதிதாக வாங்கும் முதல் பொருள் டயராக இருக்கட்டும். வண்டி முழுவதும் தரையைத் தொடுவது நான்கு இடங்களில்தான்.

குடும்ப எஸ்.யு.வி.க்களில் கம்பெனி கொடுப்பது ஹெச்.டி. எனப்படும் சாலை டயர். தாரில் அமைதியாக ஓடும், ஈரமண்ணில் அதன் வரிகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். எம்.டி. எனப்படும் சேற்று டயரின் பெரிய கட்டைகள் சேற்றைக் கவ்வும். ஆனால் ஹைவேயில் இரையும், மழையில் நனைந்த தாரில் பிரேக் பிடிக்கும் தூரத்தைக் கூட்டும். வாரநாளில் பள்ளிக்கூடமும் அலுவலகமும் போய்வரும் வண்டிக்கு இரண்டுக்கும் நடுவிலுள்ள ஏ.டி. டயரே சரி. கற்களைத் தாங்கும் உறுதியான பக்கச்சுவர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். காட்டுப் பாதையில் டயர் கிழிவது பெரும்பாலும் பக்கச்சுவரில்தான். அங்கே பஞ்சர் ஒட்ட முடியாது. அதனால் ஸ்டெப்னியும் அதே அளவில், அதே ரகத்தில் இருக்க வேண்டும். ஸ்டோர்மில் ஸ்டெப்னி பின்பக்கம் அடியில் தொங்குகிறது. அதை இறக்கும் சங்கிலி துருப்பிடிக்காமல் சுற்றுகிறதா என்று வீட்டு வாசலிலேயே இறக்கி ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

அளவைப் பெரிதாக்கலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சஃபாரியின் 235/70 ஆர் 16 டயரின் விட்டம் சுமார் 735 மி.மீ. 245/75 ஆர் 16 போட்டால் சுமார் 774 மி.மீ. விட்டம் 39 மி.மீ. கூடுகிறது. ஆக்சில் அதில் பாதிதான், அதாவது 2 செ.மீ.க்கும் குறைவாகத்தான் உயரும். இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை என்ன? ஸ்பீடோமீட்டர் ஏறக்குறைய 5 சதவிகிதம் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு கியரும் அதே அளவுக்கு இழுவையை இழக்கும். பிரேக்குக்குச் சுமை கூடும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்தட்டில் உரசலாம். கம்பெனி அளவிலேயே நல்ல ஏ.டி. டயர் கிடைக்கும்போது இந்த 2 செ.மீ. தேவையே இல்லை.

டயரின் உண்மையான வித்தை காற்றில் இருக்கிறது. சாலையில் 32 முதல் 35 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டும் டயரை மணலில் 15 முதல் 18 வரை இறக்கினால், அது முன்னும் பின்னுமாகத் தரையில் நீண்டு படியும். அதே எடை பெரிய பரப்பில் பரவுவதால் சக்கரம் புதையாமல் மணல் மேல் ஏறி ஓடும். கற்பாதையில் 22 முதல் 25 வரை இறக்கினால், டயர் கல்லின் வடிவத்துக்கு வளைந்து அதைக் கவ்வும். வண்டிக்குள் குலுக்கமும் பாதியாகும். தூத்துக்குடி மாவட்டத் தேரிகளின் செம்மணலில் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தெரியும். அங்கே புதைந்து நிற்கும் வண்டியை வெளியே கொண்டுவர பெரும்பாலும் கயிறே தேவைப்படாது. வால்வை அழுத்திக் காற்றை இறக்கி, சக்கரத்துக்கு முன்னுள்ள மணலைக் கையால் தள்ளிவிட்டு, இரண்டாம் கியரில் மெதுவாக எடுத்தால் போதும்.

காற்றைக் குறைத்த டயரில் வேகம் கூடாது. சட்டென்று ஒடிக்கவும் கூடாது. 15க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வரலாம். தாருக்கு ஏறும் முன்பே மறுபடி காற்றை நிரப்ப வேண்டும். ஆகவே ஒரு நல்ல கேஜும், பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் கம்ப்ரஸரும் வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் சின்ன கம்ப்ரஸர்கள் நான்கு பெரிய டயர்களை நிரப்புவதற்குள் சூடாகி நின்றுவிடும். சில ஆயிரம் ரூபாயில் முடியும் இந்த ஏற்பாடு, லட்ச ரூபாய் சஸ்பென்ஷனைவிட அதிக தூரம் உங்களைக் கொண்டுபோகும்.

பாதுகாப்பு: அடித்தட்டு, மூச்சுக்குழாய், கொக்கி

இனி வண்டியின் வயிறு. எஞ்சின் சம்ப், டிரான்ஸ்ஃபர் கேஸ், டீசல் டேங்க் மூன்றும் கல்லில் அடிபட்டால் பயணம் அங்கேயே முடியும். கம்பெனி போட்டிருக்கும் பிளாஸ்டிக் தட்டு சேற்றைத் தடுக்கும், பாறையைத் தடுக்காது. 3 அல்லது 4 மி.மீ. எஃகுத் தகட்டில் அடித்தட்டு செய்து, சேஸிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு மாட்டலாம். சேஸிஸில் புதிதாகத் துளையிட வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். ஆயில் மாற்ற வழிவிட்டு, சேறு தங்காமல் வடிய ஓட்டைகளும் வைக்கச் சொல்லுங்கள்.

பக்கவாட்டு ஃபுட்போர்டைப் பற்றி வீட்டில் விவாதம் வரும். பாட்டி ஏறி இறங்க அது வேண்டும். ஆனால் மேட்டின் முகட்டைத் தாண்டும்போது முதலில் இடிப்பதும் அதுதான். போல்ட்டைக் கழற்றி மாட்டும் வகையாக இருந்தால் காட்டுப் பயணத்துக்கு முன் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். இரண்டு பேருக்கும் நியாயம்.

பலர் கேள்விப்படாத, மிகக் குறைந்த செலவில் முடியும் ஒரு வேலையை அவசியம் சொல்ல வேண்டும். முன், பின் ஹவுசிங்குகளிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் சூடான காற்று வெளியேற ஒரு மூச்சுத்துளை உண்டு. நீண்ட ஓட்டத்தில் சூடான ஹவுசிங் சட்டென்று குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது உள்ளே உள்ள காற்று சுருங்கும். அப்போது அந்தத் துளை வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆயில் வெளுத்துப் பால்நிறமாகும், கிரவுனும் பேரிங்கும் துருப்பிடிக்கும். மூச்சுத்துளையில் ரப்பர் குழாய் மாட்டி அதன் முனையை எஞ்சின் அறையின் மேற்பகுதிக்குக் கொண்டுபோய் வடிகட்டியோடு கட்டிவிட்டால் போதும்.

தண்ணீர் என்றதும் ஸ்நார்க்கல் நினைவுக்கு வரும். டீசல் எஞ்சின் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கி வேலை செய்கிறது. காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போனால் அதை நெருக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஸ்நார்க்கல் அந்த ஆபத்தை மட்டுமே தள்ளிவைக்கும். கதவு வழியே நுழையும் தண்ணீரையோ, மின்சுற்றையோ, வெள்ளம் வண்டியை மிதக்கவைத்து அடித்துப்போவதையோ அது தடுக்காது. சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் தண்ணீர் ஓடும் இடத்தில் குடும்பத்தோடு இறங்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் ஸ்நார்க்கல் தேவையே வராது.

மாட்டிக்கொண்ட வண்டியை இழுத்தெடுக்கும் ஏற்பாட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். பம்பரில் திருகி மாட்டும் வளையம், லாரியில் ஏற்றிக் கட்டவும் நல்ல சாலையில் மெதுவாக இழுத்துப்போகவும்தான். சேற்றில் புதைந்த வண்டியைப் பிடுங்கும் விசைக்கு அது அறுந்து தோட்டாவைப்போல் பாயும், ஆளைக் கொல்லும். சேஸிஸோடு போல்ட் செய்த, சுமை அளவு பொறித்த இழுப்புக் கொக்கி முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வேண்டும். அதோடு 4.75 டன் அளவு பொறித்த முக்கால் அங்குல ஷேக்கிள்கள், நீண்டு சுருங்கும் ரெக்கவரி கயிறு, ஒரு மண்வெட்டி, கையுறை. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் கனமான போர்வையோ சாக்கோ போட வேண்டும். கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரத்தில் எல்லோரும் நிற்க வேண்டும். பிள்ளைகள் இன்னும் தள்ளி. வின்ச் வாங்குவதானால் முழுச்சுமையோடு வண்டியின் எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் திறன் வேண்டும். இரண்டு வண்டிகளாகப் போனால் பெரும்பாலும் வின்ச் தேவைப்படாது. எப்போதும் இரண்டு வண்டிகளாகவே போங்கள்.

உயரம் என்ற ஆசை

இவ்வளவும் முடிந்த பிறகே உயரத்தைப் பற்றிப் பேச்சு. சஃபாரியின் தரை இடைவெளியே 200 மி.மீ. அளவில் இருக்கிறது. பெரும்பாலான எஸ்டேட் பாதைகளுக்கு அது போதும். போதாதபோது என்ன செய்வது?

ஸ்டோர்முக்கு முந்தைய சஃபாரிகளின் முன்பக்கம் டார்ஷன் பாரில் நிற்கிறது. அதன் சரிசெய்யும் போல்ட்டை இரண்டு சுற்றுச் சுற்றினால் முன்பக்கம் எழும்பிவிடும். காசே இல்லாத வேலை என்பதால் பல பட்டறைகளில் உடனே செய்து தருவார்கள். ஆனால் போல்ட்டைச் சுற்றுவதால் பார் பலமாவதில்லை. சக்கரம் நிற்கும் இடம்தான் கீழே தள்ளிப்போகிறது. சக்கரம் கீழே இறங்க இருந்த இடம் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆக்சில் செங்குத்தாக வளைந்து பூட் கிழிகிறது, பால் ஜாயின்ட் தன் எல்லைக்கே போகிறது. இதனால் காட்டுப் பாதையில் என்ன நடக்கும் என்று பாருங்கள். பள்ளத்தில் சக்கரம் இறங்கித் தரையைத் தொட வேண்டிய நேரத்தில் அது அந்தரத்தில் தொங்கும். சாதாரண டிஃபரென்ஷியல் உள்ள ஆக்சிலில், பிடிமானம் இல்லாத சக்கரம் சும்மா சுற்ற, பிடிமானம் உள்ள சக்கரமும் செயலிழந்து நிற்கும். உயர்த்திய வண்டி, உயர்த்தாத வண்டி ஏறும் இடத்தில் ஏறாமல் நிற்பது இதனால்தான்.

எடை கூடியதால் பின்பக்கம் அமுங்கியிருந்தால், கொஞ்சம் கெட்டியான காயில் ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக்கும் போட்டுப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது நியாயமான வேலை. எதைத் தொட்டாலும் வீல் அலைன்மென்ட் செய்யாமல் பட்டறையை விட்டு வண்டியை எடுக்காதீர்கள்.

உயரத்தோடு எடையும் சேரும்போது ஆபத்து இரட்டிக்கும். இரு சக்கரங்களுக்கிடையே ஒன்றரை மீட்டர் அகலமும், தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் எடைமையமும் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். வெறும் வடிவக்கணக்கில் அது 45 பாகைச் சரிவில் கவிழும். எடைமையம் 5 செ.மீ. ஏறினால் 43 பாகை. 2 டன் வண்டியின் கூரைக் கேரியரில் 50 கிலோ ஏற்றினால் எடைமையம் இன்னும் ஏறக்குறைய 3 செ.மீ. ஏறும். அப்போது 42. உண்மையில் ஸ்பிரிங் சாய்வதாலும் டயர் நசுங்குவதாலும் வண்டி இதற்கு வெகு முன்பே கவிழும். இந்தக் கணக்கு காட்டுக்கு மட்டுமல்ல. திங்கட்கிழமை நான்குவழிச் சாலையில் குறுக்கே வந்த மாட்டுக்காகச் சட்டென்று ஒடிக்கும்போதும் இதே கணக்குதான். ஆகவே கனமான பொருள்கள் எல்லாம் கீழே, இரண்டு ஆக்சில்களுக்கும் நடுவே. கூரையில் டெண்ட், பாய், துணி மட்டும். முழுக்குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றி ஒருமுறை எடைமேடையில் நிறுத்தி, ஆவணங்களில் உள்ள மொத்த எடை வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சட்டமும் காடும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கலாம். முன்பக்க இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அதற்குக் காரணமும் உண்டு. நடந்துபோகிறவர்மேல் இடித்தால் அந்த இரும்பு உயிரைப் பறிக்கும். ஏர்பேக் விரியும் நேரத்தையும் அது குழப்பும்.

இதைப் படித்து மனம் தளர வேண்டாம். நான் மேலே சொன்ன வரிசையைத் திரும்பிப் பாருங்கள். பழுதுநீக்கம், கம்பெனி அளவு டயர், காற்று, மூச்சுக்குழாய், கயிறு ஆகியவற்றில் எதுவும் சட்டத்தோடு மோதவில்லை. மோதுவதெல்லாம் பெரிய டயர், உயர்த்திய உடல், இரும்பு பம்பர். அவை நம் பட்டியலின் கடைசியில் இருப்பவை. அடித்தட்டு போன்றவற்றைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாத மாற்றம் இருந்தால் விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும் நாளிலும் வண்டி அதன் இயல்பான உருவில் இருப்பதே நல்லது.

வண்டி எங்கே போகலாம் என்பதும் சட்டத்துக்கு உட்பட்டதுதான். சரணாலயத்துக்குள்ளும் காப்புக்காட்டுக்குள்ளும் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். குற்றம் என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. மலைப்புல்வெளியில் ஒரு வண்டி பாதை விலகி ஓடினால், அந்த டயர்த் தடம் அடுத்த மழையில் ஓடையாகி மண்ணை அறுக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. மணலில் வண்டி ஓட்டும் ஆசையில் இறங்கும் சக்கரம் ஒரு கூட்டையே நசுக்கிவிடும். தனியார் எஸ்டேட், அனுமதி பெற்ற தடம், ஊர்மக்கள் பயன்படுத்தும் பழைய பாதை ஆகியவையே நமக்குப் போதுமானவை.

மலை ஜீப்புகள் சொல்லும் பாடம்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்த்திருக்கிறீர்களா? தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில், ஏறும் வழியோ இடுக்கியில். உருண்ட கற்கள் குவிந்த அந்தப் பாதையில் அன்றாடம் ஆட்களை ஏற்றிச்செல்லும் பழைய மகிந்திராக்களில் பெரும்பாலானவற்றில் வின்ச் இல்லை, உயர்த்திய சஸ்பென்ஷன் இல்லை. ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். எந்தச் சக்கரத்தை எந்தக் கல்மேல் வைப்பது என்று முடிவுசெய்த பிறகே வண்டியை நகர்த்துகிறார்கள். 2014இல் கோவாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளில் நாம் பார்க்கும் அரக்க வண்டிகள் வேறு உலகம். அவை பந்தயத்துக்கென்றே கட்டப்பட்டவை. நமக்கு வழிகாட்டி மலை ஜீப்தான். அது காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும், மாலையில் பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுவரும்.

ஆகவே எந்தப் பாகத்தை வாங்கும் முன்பும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை மாட்டிய பிறகு, மழை பெய்யும் இரவில், முழுக்குடும்பத்தோடு, சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு நிம்மதியாக ஓட்டுவேனா? ஆம் என்றால் வாங்குங்கள். தயக்கம் இருந்தால் அந்தப் பணத்தை டயருக்கும் பிரேக்குக்கும் கொடுங்கள். மிச்சத்தை நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் ஒருநாள் வண்டி ஓட்டப் பழகுவதற்குக் கொடுங்கள். வண்டியில் செய்யும் மாற்றங்கள் அதை விற்கும்போது கூடவே போய்விடும். ஓட்டக் கற்றது அடுத்த வண்டிக்கும் உங்களோடு வரும்.

(பாதை தொடரும்)

அடுத்த வாரம்: ஏற்றத்தில் எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது? பிரேக்கை மட்டும் நம்பாமல் ரிவர்ஸ் கியரில் பின்னிறங்கும் முறை.